போன்சாய் வாடுதா? மருந்துப் போத்தலைத் தூக்க முன் பார்க்க வேண்டியவை

தாழ்ந்த சாடியில் குறுக்கி வளர்க்கும் மரமான போன்சாய் ஒன்று வாடத் தொடங்கியதும் வீட்டில் நடப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. இன்னொரு வாளி தண்ணீர் விடுவார்கள். இல்லையென்றால் உரக்கடைக்குப் போய், "இலை மஞ்சளாகுது, ஏதும் மருந்து தாங்கோ" என்று கேட்டு ஒரு போத்தலோடு வருவார்கள். பிழைக்க இருந்த மரங்கள் பல இந்த இரண்டாலும்தான் சாகின்றன. வாட்டம் என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. தண்ணீர் போதாவிட்டாலும் இலை தொங்கும். தண்ணீர் கூடி வேர் அழுகினாலும் அதே இலை அதே மாதிரித்தான் தொங்கும். முதலாவதற்குத் தண்ணீர் மருந்து, இரண்டாவதற்கு அதுவே நஞ்சு.

இலங்கையின் வடக்கே வன்னியில் சாடி மரங்களைக் கெடுப்பவற்றில் பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் முதலிடம் இல்லை. ஆடியில் அடிக்கும் சோளகக் காற்றும் மாரி வெள்ளமும் கிணற்றுத் தண்ணீரும் சாடி மண்ணும்தான் முன்னுக்கு நிற்கின்றன. பூச்சி அனேகமாக இவற்றால் ஏற்கெனவே தளர்ந்துபோன மரத்தில்தான் பெருகும். ஆகவே வேரில் தொடங்கி மேலே பார்த்துக்கொண்டு போக வேண்டும். இலையை மட்டும் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு பிழையாகிவிடும்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இலை காட்டுவது பழைய சங்கதி. வேர் கெட்ட அன்றே இலை மஞ்சளாகாது. தண்டில் சேர்த்து வைத்த மாச்சத்தைக் கொண்டு மரம் சில வாரங்கள் சமாளிக்கும். பாலை, வீரை போன்ற தடித்த இலை மரங்கள் இன்னும் கூடுதலாக இழுத்துப் பிடிக்கும். எனவே "நேற்று என்ன செய்தேன்" என்று யோசிப்பதில் பயனில்லை. கடந்த இரண்டு மாதத்தில் மாறியது என்ன? சாடியா, வைத்த இடமா, தண்ணீர் எடுக்கும் கிணறா, போட்ட பசளையா, மழையா? ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிப் பார்த்தால் பாதிக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

எத்தனை மணிக்கு வாடுகிறது?

பிற்பகல் இரண்டு மணிக்கு இலை தொங்கி, பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்தால் அது வெக்கைச் சோர்வு. வேர் உறிஞ்சுவதைவிட இலை வேகமாக ஆவியாக்குகிறது, அவ்வளவுதான். நிழலும் காற்று மறைப்பும் போதும். விடிய ஆறு மணிக்கும் இலை தொங்கிக்கொண்டிருந்தால் அது வேறு கதை. இரவு முழுக்க ஆவியாதல் குறைந்திருந்தும் மரத்தால் தன் தண்ணீர்க் கடனை அடைக்க முடியவில்லை என்பது அதன் பொருள். சாடி காய்ந்திருக்க வேண்டும், அல்லது வேர் வேலை செய்யவில்லை. பரிசோதனையை எப்போதும் காலையில் செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

புளியில் மட்டும் கவனம் தேவை. பின்னேரமானால் அது இலையைக் கூப்பிக்கொள்ளும். அதை வாட்டம் என்று நினைத்து இரவில் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதுபோல வேம்பும் அரசும் மாசி, பங்குனியில் இலை கொட்டுவது இயல்பு. கொட்டிய இடத்தில், காம்புத் தழும்புக்கு மேலே உள்ள மொட்டைப் பாருங்கள். திரண்டு இறுக்கமாக இருந்தால் மரம் ஓய்வில் இருக்கிறது. சுருங்கிக் கறுத்து, விரல் பட்டதும் உதிர்ந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

சாடிக்குள் நடப்பது

தோல் சீவிக் காயவிட்ட வேப்பங்குச்சி ஒன்று, பென்சில் தடிப்பில், எப்போதும் சாடிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அதைத் தண்டுக்கும் சாடி விளிம்புக்கும் நடுவில் அடிவரை செருகி 10 நிமிடம் கழித்து இழுத்துப் பாருங்கள். குச்சி எந்த அளவுக்குக் கறுத்து ஈரமாக இருக்கிறதோ அந்த ஆழத்தில் ஈரம் இருக்கிறது. மேல்மண்ணைத் தொட்டுப் பார்ப்பது ஏமாற்றும். சோளகம் அடிக்கும் நாளில் மேலே ஒரு சென்ரிமீற்றர் சாம்பல் நிறமாகக் காய்ந்திருக்க, அடியில் சேறாக இருக்கலாம்.

இலை தொங்குகிறது, குச்சியும் காய்ந்து வருகிறது என்றால் தாகம். ஆனால் தினமும் தண்ணீர் விட்டும் காய்கிறதே என்றால் மண்ணைப் பாருங்கள். வளவுச் செம்மண்ணையோ வயற்களியையோ அப்படியே சாடியில் போட்டால், கோடையில் அது இறுகிச் சுருங்கி, சாடிச் சுவரிலிருந்து விலகிவிடும். விடுகிற தண்ணீர் அந்த இடுக்கால் வழிந்து அடித்துளையால் ஓடும். பார்ப்பவருக்கு "நல்லாத் தண்ணி இறங்குது" என்று தோன்றும். நடுவில் வேர்க்கட்டி காய்ந்த செங்கல்லாகவே கிடக்கும். இதற்கு மேலிருந்து ஊற்றுவது உதவாது. சாடியை விளிம்புவரை ஒரு பேசினில் அமிழ்த்தி வையுங்கள். குமிழிகள் வருவது நிற்கும்வரை, சாதாரணமாக 10 முதல் 15 நிமிடம், அப்படியே விட்டு எடுங்கள்.

இலை தொங்குகிறது, குச்சியோ நனைந்து வருகிறது என்றால் வேர் மூச்சுத் திணறுகிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை வன்னியில் இதுதான் கூடுதலாக நடக்கும். தாழ்ந்த சாடி சீக்கிரம் காயும், ஆகவே அழுகல் வராது என்று பலர் நம்புகிறார்கள். விடயம் நேர்மாறு. ஒரு ஸ்பொஞ்சை நனைத்துத் தட்டையாகப் பிடியுங்கள், சொட்டுவது நின்றதும் அதையே செங்குத்தாக நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சத் தண்ணீர் வடியும். எந்த மண்ணிலும் அடியில் ஓர் அளவு உயரத்துக்குத் தண்ணீர் வடியாமல் தேங்கி நிற்கும். 30 சென்ரிமீற்றர் ஆழச் சாடியில் அந்த ஈரப்பட்டை வேருக்குக் கீழே கிடக்கும். 5 சென்ரிமீற்றர் ஆழ போன்சாய்ச் சாடியிலோ வேர் முழுவதுமே அதற்குள்தான். மண் நுண்ணியதாக இருந்தால் பட்டை இன்னும் உயரும். போன்சாய்க்குப் பருக்கைக் கலவை கேட்பது அழகுக்காக அல்ல.

சந்தேகம் தீராவிட்டால் மரத்தைச் சாடியோடு சரித்து, வேர்க்கட்டியை ஒரு பக்கம் கிளப்பிப் பாருங்கள். நல்ல வேர்நுனி வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ விறைப்பாக இருக்கும். அழுகிய வேரை இரு விரலால் பிடித்து இழுத்தால் மேலுறை கழன்று கையோடு வரும், உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். குளத்துச் சேறு மணக்கும். சில மர வேர்கள் இயல்பாகவே கறுப்பு அல்லது செம்பழுப்பு. ஆகவே நிறத்தைவிட உறை கழல்கிறதா என்பதையே நம்புங்கள்.

முதலில் வேரைக் கொல்வது ஒட்சிசன் இல்லாமை. பித்தியம், பைட்டோப்தோரா போன்ற நீர்ப்பூஞ்சணங்கள் அதற்குப் பிறகு, தேங்கிய நீரில் நீந்தி வந்து சேர்கின்றன. இவை பூஞ்சணம் போலத் தோன்றினாலும் உண்மையான பூஞ்சணக் குடும்பம் அல்ல. அதனால் கடையில் எதற்கும் கொடுக்கிற கார்பன்டசிம் என்ற பூஞ்சணக்கொல்லி இவற்றில் வேலை செய்யாது. காசும் போய், வேரும் மேலும் நனைந்ததுதான் மிச்சம்.

செய்ய வேண்டியது இதுதான். மரத்தை வெளியே எடுத்துப் பழைய மண்ணைக் கழுவுங்கள். ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால், அழுகிய வேரை உறுதியான பகுதி வரும்வரை வெட்டுங்கள். புதுக் கலவைக்கு நொறுக்கிய செங்கல் 2 பங்கு, பருத்த ஆற்றுமணல் 1 பங்கு, அரித்த கூட்டெரு அரைப் பங்கு. செங்கல்லும் மணலும் 3 முதல் 5 மில்லிமீற்றர் பருக்கையாக இருக்கட்டும். அரிதட்டில் கீழே விழும் தூளைக் கட்டாயம் எறிந்துவிடுங்கள், கலவையின் பெயரைக் கெடுப்பது அந்தத் தூள்தான். செங்கல்லிலும் ஏமாற்று உண்டு. சூளையில் சரியாக வேகாத கல் மாரியில் கரைந்து களியாகும். ஒரு துண்டை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு, காலையில் விரலால் நசுக்கிப் பாருங்கள். மசிந்தால் வேண்டாம். நட்டதும் மரம் அசையாதபடி அடித்துளைகளால் கம்பி விட்டுக் கட்டுங்கள். அசைகிற மரத்தில் புது வேர்நுனி முறிந்துகொண்டே இருக்கும். பிறகு கிடுகுப் பந்தலுக்குக் கீழ், காற்றுப் படாத இடத்தில் 4 முதல் 6 வாரம். அந்தக் காலத்தில் பசளை ஒன்றும் வேண்டாம். காய்ச்சற்காரனுக்குப் புரியாணி கொடுக்கிற வேலை அது.

வேர் நன்றாக இருந்தால் இதில் ஒன்றையும் செய்யாதீர்கள். காரணமில்லாமல் வேரைக் கழுவிய மரம் அந்தக் கழுவலாலேயே நோயாளியாகும்.

சாடிச் சூட்டையும் மறக்கக் கூடாது. ஆவணி வெயிலில் சீமெந்து நிலத்தில் வைத்த கறுத்தச் சாடியின் மேற்குப் பக்கத்தைப் பின்னேரம் மூன்று மணிக்குத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாது. மண்ணின் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டினால் மெல்லிய வேர்நுனிகள் தாங்கா. மரத்தின் ஒரு பக்கம் மட்டும், அதுவும் மேற்கே பார்த்த கிளைகள் மட்டும் கருகினால் நோயைத் தேடாதீர்கள். சாடியை மரப்பலகைக்கு மாற்றி, மேற்குப் பக்கத்தில் ஒரு கிடுகைச் சாத்துங்கள்.

நகத்தால் ஒரு கீறல்

கிளை செத்ததா, இலை மட்டும் போனதா என்பதைப் பட்டை சொல்லும். நுனிக் குச்சியில் தொடங்குங்கள். நகத்தால் 2 மில்லிமீற்றர் அகலத்துக்கு மேற்தோலை மட்டும் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் அந்த இடம் போய்விட்டது. பச்சை வரும்வரை கீழே இறங்குங்கள். தடித்த அடித்தண்டில் கண்டபடி சுரண்டக் கூடாது, அங்கே ஒரு புள்ளி போதும். கடதாசிப்பூ மரத்தில் ஒரு பக்கம் செத்து மறுபக்கம் உயிரோடிருப்பது சாதாரணம், ஆகவே தண்டின் இரு பக்கமும் பார்க்க வேண்டும்.

பச்சை தொடங்கும் இடத்தில் ஒரு நிற நூலைக் கட்டிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து நூலுக்குக் கீழே மீண்டும் சுரண்டுங்கள். அங்கேயும் பழுப்பாகியிருந்தால் நலிவு இறங்கிக்கொண்டிருக்கிறது, வேரை உடனே பார்க்க வேண்டும். நூலுக்குக் கீழே பச்சை அப்படியே இருந்தால் கேடு நின்றுவிட்டது, மரத்தை அதன் பாட்டில் விடலாம். விலையில்லாத இந்த நூல் சொல்கிற அளவுக்கு வேறெதுவும் சொல்வதில்லை.

உட்புறச் சிறு குச்சிகள் மட்டும் செத்து, வெளி நுனிகள் செழித்திருந்தால் அது நோயே அல்ல. வெளி இலை மறைத்து உள்ளே வெளிச்சம் போகவில்லை, கத்தரி போட வேண்டிய நேரம் அது. முன்பு உறுதியாக நின்ற மரத்தை மெல்ல ஆட்டும்போது அடியோடு அசைந்தால் வேர் காணாமல் போயிருக்கிறது. உக்காத மாட்டெரு கலந்த சாடியென்றால் உள்ளே அரைவட்டமாகச் சுருண்ட வெள்ளை வண்டுப்புழுவைத் தேடுங்கள். மருந்து தேவையில்லை, கையால் பொறுக்கிக் கோழிக்குப் போடலாம்.

மஞ்சளிலும் வகை உண்டு

எந்த வயது இலை மஞ்சளாகிறது என்பதுதான் முதற்கேள்வி. மரத்துக்குள் நைதரசன் இடம்பெயரும். குறையும்போது பழைய இலையிலிருந்து உறிஞ்சிப் புதுத் துளிருக்குக் கொடுத்துவிடும். ஆகவே உள்ளிருக்கும் முதிர்ந்த இலைகள் முழுதாக வெளிறினால் பசளைக் குறை. பருக்கைக் கலவையில் தினமும் தண்ணீர் விடும்போது சத்துக் கழுவிப் போவது இயல்புதான். கரையும் பசளையைப் பொதியில் போட்டிருக்கும் அளவில் பாதியாகக் கரைத்து, 2 வாரத்துக்கு ஒருமுறை விடலாம். வயலுக்கு எறியும் யூரியாவைக் கைப்பிடியாகச் சாடியில் போட்டால் வேர் கருகும்.

இரும்புச்சத்து அப்படி இடம்பெயராது. அது குறைந்தால் புதுத் துளிர்தான் மஞ்சளாகும். நரம்பு பச்சையாகவும் இடைவெளி எலுமிச்சை மஞ்சளாகவும், வலை போட்டதுபோல இருக்கும். வன்னியில் இது அடிக்கடி வருவதற்குக் காரணம் கிணறு. உங்கள் வீட்டுக் கேத்தலின் உள்ளே வெள்ளைக் காவி படிகிறதா? அந்தச் சுண்ணாம்புத் தண்ணீர்தான் சாடிக்கும் போகிறது. நாளடைவில் மண் காரமாகி, இருக்கிற இரும்பும் வேரால் எடுக்க முடியாத வடிவத்துக்குப் போய்விடும். துருப்பிடித்த ஆணியைப் புதைப்பதால் ஒன்றும் நடக்காது, துரு ஏற்கெனவே எடுக்க முடியாத இரும்புதான். உமிச் சாம்பல் போடுவது இன்னும் மோசம், சாம்பலும் காரம். இரும்புக் கீலேற்று (இரும்பை வேர் எடுக்கக்கூடிய வடிவில் பிடித்து வைக்கும் பசளை) வாங்குவதென்றால் பொதியைப் படியுங்கள். ஈடிடிஏ வகை காரமான மண்ணில் நிலைக்காது, ஈடிடிஎச்ஏ வகை நிலைக்கும். எல்லாவற்றையும்விடச் சிறந்தது மாரியில் கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வைப்பது. மூடி போட்டு வையுங்கள், நுளம்பு பெருகினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

இலை நுனியும் ஓரமும் மட்டும் பழுப்பாக, நொறுங்குகிற மாதிரிக் கருகினால் உப்பு. சாடி விளிம்பிலும் அடித்துளையிலும் வெள்ளைப் படிவு இருந்தால் உறுதி. சாடிக் கொள்ளளவின் 3, 4 மடங்கு மழைத்தண்ணீரை மெதுவாக ஊற்றி அலசிவிடுங்கள்.

எறும்பைப் பின்தொடருங்கள்

தண்டில் எறும்பு வரிசையாக ஏறினால், அது எங்கே போகிறது என்று பாருங்கள். இலைக் கக்கத்தில் பஞ்சு ஒட்டினாற்போல மாவுப்பூச்சி, குச்சியில் சிறு ஓட்டுத் துளிபோலச் செதிற்பூச்சி, இளந்துளிரில் கூட்டமாக அழுக்கணவன். இவை மூன்றும் சாற்றை உறிஞ்சி இனிப்பு நீரைக் கழிக்கும். எறும்பு அதற்காகத்தான் வருகிறது. அந்த இனிப்பில் வளர்வதுதான் இலைமேல் புகைக்கரி போலப் படரும் கரும்பூஞ்சணம். அதைத் துணியால் துடைத்தால் போகும், பூச்சி போகும்வரை திரும்பத் திரும்ப வரும். சிறிய மரமாக இருந்தால் பஞ்சுக்குச்சியை 70 வீத ஸ்பிரிட்டில் தோய்த்து ஒவ்வொரு பூச்சியாகத் தொடுங்கள். கூடுதலாக இருந்தால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, பொழுது பட்டபின் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளித்து, காலையில் கழுவுங்கள். முதலில் இரண்டு மூன்று இலையில் பரீட்சித்து ஒரு நாள் பொறுங்கள். 5 முதல் 7 நாள் இடைவெளியில் மூன்று முறை தெளிக்க வேண்டும், முட்டையிலிருந்து வருகிறவை முதல் தெளிப்பில் தப்பிவிடும்.

வேப்பங்கொட்டை கிடைக்கும் ஊரில் கடை மருந்து எதற்கு? 50 கிராம் பருப்பை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, துணியால் வடித்து, சில துளி சவர்க்காரம் சேர்த்து அன்றே தெளிக்கலாம். வைத்திருந்தால் வீரியம் போய்விடும்.

சோளகக் காலத்தின் வேறொரு தொல்லை சிற்றுண்ணி. வெறுங்கண்ணுக்கு இலகுவில் தெரியாது. இலையில் ஊசி குத்தியதுபோல வெளிர்ப் புள்ளிகளும், பிறகு ஒரு மங்கிய தூசு நிறமும் வரும். வெள்ளைக் கடதாசி ஒன்றைக் கிளைக்குக் கீழே பிடித்து, கிளையை இரண்டு முறை தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் அரை நிமிடத்தில் நடக்கத் தொடங்கினால் அவைதான். காய்ந்த தூசும் வெக்கையும் இவற்றுக்குக் கொண்டாட்டம். காலையில் இலையின் அடிப்பக்கத்தை வேகமான தண்ணீரால் கழுவுவதே பாதி வைத்தியம். கடைகளில் வாங்கும் சிற்றிலைப் பைக்கஸ் என்ற ஆல் இன மரத்தில் இலை வெற்றிலை மடித்ததுபோல் மூடி, செம்புள்ளி விழுந்திருந்தால் பிரித்துப் பாருங்கள். உள்ளே கறுப்பு ஊசிமுனைகளாகப் பனிப்பூச்சி ஓடும். மடிந்த இலைக்குள் தெளிப்பு போகாது, கிள்ளி எரிப்பதுதான் வழி.

இலந்தையில் மாவு தூவினாற்போல வெண்படலம் வந்தால் சாம்பல் நோய். தண்ணீரில் கலந்து தெளிக்கும் நனையும் கந்தகத் தூளுக்கு அது அடங்கும், ஆனால் 32 பாகைக்கு மேல் வெயில் உள்ள நாளில் தெளித்தால் இலையையும் எரிக்கும். வேப்பெண்ணெய் தெளித்து 2 வாரம் ஆகாவிட்டாலும் கந்தகம் கூடாது. மாரியில் வரும் கரும்புள்ளிகளுக்கு, புள்ளி விழுந்த இலையைப் பொறுக்கி, சாடிகளைத் தள்ளித் தள்ளி வைத்து, பின்னேரத்தில் இலை நனைப்பதை நிறுத்தினாலே அனேகமாக அடங்கும்.

கறையான் தனிக் கேஸ். நிலத்தில் வைத்த சாடியின் அடித்துளையால் ஏறி, முதலில் செத்த வேரையும் பட்டுப்போன கட்டையையும் தின்னும். தண்டில் மண்குழாய் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். சாடியை மேசையில் வைத்து, மேசைக் கால்களைப் பழைய எண்ணெய் சிறிது விட்ட தண்ணீர்ப் பேணிகளில் நிறுத்துங்கள்.

இடிந்த சுவரிலிருந்து எடுத்த ஆல்

வன்னியில் பலருடைய முதல் மரம் கிணற்றுக்கட்டிலோ கைவிடப்பட்ட வீட்டுச் சுவரிலோ முளைத்த ஆல் அல்லது அரசு. பிடுங்கிச் சாடியில் வைத்து மூன்று வாரத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். வெற்றி என்று நினைத்து வெயிலுக்கு எடுத்து, பசளையும் போடுவார்கள். இரண்டாம் மாதம் துளிர் முழுதும் ஒரே நாளில் தொங்கும். அந்தத் துளிர் தண்டிலிருந்த சேமிப்பில் வந்தது, வேரால் வந்ததல்ல. சேமிப்புத் தீர்ந்ததும் கணக்கு முடிந்துவிட்டது. முதல் துளிரை நம்ப வேண்டாம். துளிர் இலை விரிந்து தடித்து, அதன்மேல் இரண்டாவது துளிர் வந்து, சாடியின் அடித்துளையில் வெள்ளை வேர்நுனி ஒன்றாவது எட்டிப் பார்த்த பிறகு, நிழலிலிருந்து காலை வெயிலுக்கு எடுங்கள். பசளை அதற்கும் ஒரு மாதம் கழித்து, பாதி அளவில்.